ஓசையும் ஆற்றலும்: சிறு காருக்கு ஏற்ற காற்று வடிகட்டி எது?

உயிர்களுக்குக் காற்று இன்றியமையாதது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உயிரற்ற பொருளாகிய மோட்டார் வண்டிக்கும் அஃது அவ்வாறே இன்றியமையாதது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுகின்றோம், எண்ணெய் மாற்றுகின்றோம், கண்ணாடியைத் துடைக்கின்றோம். ஆனால் அது நாடோறும் எத்துணைக் காற்றை உட்கொள்ளுகின்றது, அக்காற்று எவ்வழியே செல்கின்றது, அதனோடு வேறு என்னென்ன செல்கின்றன என்று கேட்பார் சிலரே. அச்சிலருள்ளும் இளைஞராயினார் கேட்கும் கேள்வி வேறு. "கம்பெனியில் வைத்த ஏர் பில்ட்டரைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் வேறொன்றை மாட்டினால் வண்டி இன்னும் வேகமாகப் போகுமா?" என்பதே அது. இக்கேள்வி எழும் இடத்திலேயே தவறு இருக்கின்றது என்றும், வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பார் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று என்றும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு எஞ்சினைப் பற்றிய பேச்சு எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். சொல்லின் ஓசையில் மட்டும் மயங்கிவிடாமல் அதன் பொருளை ஆராய்தல் வேண்டும் என்று எமக்கு வகுப்பில் இடையறாது கற்பிக்கின்றனர். அவ்வாராய்ச்சியைக் கடைவீதிப் பொருள்களிடத்தும் சிறிது செலுத்துதல் குற்றமாகாது. அன்றியும், சிறு கார் என்பது நம்மவர் பலர்க்கு ஆடம்பரப் பொருள் அன்று. வங்கியிற் கடன் பெற்று வாங்கி, மாதந்தோறும் தவணை செலுத்தி, அதனைக் கொண்டே வீட்டில் அடுப்பு எரிய வைக்கும் குடும்பங்கள் ஊர்தோறும் உள்ளன. அத்தகைய வண்டியின் எஞ்சினுக்கு ஊறு நேரின், அஃது ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த ஊறேயாகும். ஆதலின் இதனை விளையாட்டுப் பேச்சு எனத் தள்ளுதற்கில்லை.

முதற்கண் எஞ்சின் உட்கொள்ளும் காற்றின் அளவை நோக்குவோம். ஒரு பங்கு பெட்ரோல் செவ்வனே எரிதற்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது வேதியியலார் கண்ட உண்மை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்காற் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அதனை எரிக்க ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். அக்காற்றைப் பரும அளவாற் கூறின் 9,000 லிட்டர் ஆகும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சிறு கார் ஒன்று 100 கிலோமீட்டர் செல்லும்போது ஏறக்குறைய 50,000 லிட்டர் காற்றை இழுத்துக்கொள்ளுகின்றது. ஒரு மனிதன் நாலைந்து நாள் மூச்சுவிடும் காற்றை இவ்வண்டி இரண்டு மணி நேரத்தில் உண்டுவிடுகின்றது எனலாம். மனிதனோ புழுதி எழுந்தால் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுகின்றான். சற்று விலகியும் நிற்கின்றான். வண்டி என் செய்யும்? முன்னே செல்லும் மணல் லாரியின் பின்புறத்தில் எழும் தூசியையெல்லாம் அது வாய்திறந்து விழுங்கியே தீரவேண்டும்.

அத்தூசி எத்தன்மையது? சாலைப் புழுதியிற் பெரும்பகுதி மணற்சத்தாகிய சிலிக்கா. குவார்ட்ஸ் எனப்படும் அதன் துகள், எஞ்சின் சிலிண்டர் வார்க்கப்பெறும் இரும்பைக் காட்டிலும் கடினமானது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களுக்கும் சிலிண்டரின் சுவருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அப்படலத்தின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. மனிதனின் தலைமயிரின் பருமன் அவ்வளவையில் ஏறக்குறைய 70 பங்கு. தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணிய தூசி அப்படலத்தின் இடையிற் புகுந்துவிடின், உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பது போல வளையத்தையும் சுவரையும் தேய்க்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் பெருமணலினும் கண்ணுக்குத் தெரியாத இந்நுண்துகளே கொடியது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஆய்வகத்திற் சோதிப்போர், அதில் சிலிக்கனின் அளவு மிகுந்திருக்கக் கண்டால், காற்று வரும் வழியில் எங்கோ பழுது உளது என முதலில் ஐயுறுவது இக்காரணம் பற்றியேயாம்.

இத்தூசிக்கும் எஞ்சினுக்கும் இடையே காவலாய் நிற்பது சில நூறு ரூபாய் விலையுள்ள மடிப்புத்தாள் ஒன்றே. அதனைச் சல்லடை என்று பலர் எண்ணுகின்றனர். அது முற்றும் உண்மையன்று. சல்லடையானது தன் கண்ணிற் பெரியதை மட்டுமே தடுக்கும். வடிகட்டித் தாளோ, நார்கள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிக் கிடக்கும் ஓர் அடர்ந்த புதர் போன்றது. காற்று அப்புதரில் வளைந்து வளைந்து செல்லும். கனத்த துகள்கள் வளைய மாட்டாமல் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். நடுத்தரமானவை பக்கத்தில் உரசி அகப்படும். மிக நுண்ணியவை நிலையின்றி அலைந்து திரிந்து நாரிற் பட்டு நின்றுவிடும். இன்னும் ஒரு வியப்பு உண்டு. சிறிது தூசி படிந்த தாள் புதுத்தாளினும் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே பின் வரும் தூசிக்கு மற்றொரு தடையாகிவிடுகின்றது. ஆதலால், வாரந்தோறும் தாளைக் கழற்றிக் காற்றடிக்கும் குழாயினால் வலிதாக ஊதுவார் வண்டிக்கு நன்மை செய்கின்றவர் அல்லர். ஊதுகின்ற வேகத்தில் தாளின் நார் கிழிந்து, அவ்வழியே தூசி தங்குதடையின்றிச் செல்லவும் கூடும்.

இனி, கடைகளில் விற்கும் மாற்று வடிகட்டிகளைப் பார்ப்போம். அவை பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, கம்பெனி வைத்த பெட்டிக்குள்ளேயே பழைய தாளுக்குப் பதிலாக வைப்பது. மற்றொன்று, அப்பெட்டியையும் குழாயையும் அறவே நீக்கிவிட்டு, கூம்பு வடிவான வடிகட்டி ஒன்றைத் திறந்தபடி குழாயின் முனையில் மாட்டுவது. இவற்றிற்கு ஆகும் பொருள்களும் பல. எண்ணெய் தோய்த்த பருத்தி வலை, எண்ணெய் தோய்த்த நுரைப்பஞ்சு, எண்ணெய் வேண்டாத செயற்கை நார் என்பன அவற்றுள் முதன்மையானவை. எண்ணெய் தோய்த்த பருத்தி வடிகட்டியை உலகெங்கும் பரவச் செய்தவருள் முன்னிற்பது, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் 1969-ஆம் ஆண்டு தோன்றிய கே அண்டு என் என்னும் நிறுவனம். பந்தய வண்டிகளை ஓட்டுவோரிடையே பெயர் பெற்ற பொருள், நாளடைவில் வீட்டு வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. இவற்றின் விலை தாள் வடிகட்டியின் விலையினும் பன்மடங்கு; ஆயிரக்கணக்கான ரூபாயும் ஆகும்.

இவற்றை விற்போர் கூறும் முதல் நன்மை, ஆற்றல் பெருகும் என்பது. தாள் காற்றைத் தடுக்கின்றது. தடை குறைந்தால் காற்று மிகும். காற்று மிகுந்தால் ஆற்றல் மிகும் என்பது அவர் கூற்று. கேட்பதற்கு இது பொருந்துவது போலவே தோன்றும். ஆயினும் அளவை நோக்கினால் உண்மை விளங்கும். நம் நாட்டில் மிகுதியாக ஓடும் மாருதி ஸ்விப்ட் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் 1,197 கன சென்டிமீட்டர் எஞ்சின் 80 முதல் 90 குதிரைத்திறன் வரை தருவது. அது நிமிடத்திற்கு 6,000 முறை சுழன்று, மிதியும் முழுதும் அழுத்தப்பட்டிருக்கும்போது, நிமிடத்தில் ஏறக்குறைய 3,000 லிட்டர் காற்றை இழுக்கும். அந்நிலையிலும் தூய தாள் வடிகட்டியினால் உண்டாகும் அழுத்தக் குறைவு ஓரிரண்டு கிலோபாஸ்கல் அளவினதே. வளிமண்டல அழுத்தமோ 101 கிலோபாஸ்கல். தடையை முற்றும் நீக்கினாலும் நூற்றில் ஓரிரு பங்குக்கு மேல் மீட்பதற்கு என்ன இருக்கின்றது? இழக்காத பொருளைத் திரும்பப் பெறுதல் யாங்ஙனம்?

அதுவும் மிதியை முழுதும் அழுத்தியபோது மட்டுமே. நாம் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் வண்டி ஓட்டும் நேரத்தின் பெரும்பகுதியில் மிதி சிறிதளவே அழுத்தப்படுகின்றது. அப்போது திராட்டில் எனப்படும் காற்றுக்கதவு பெரும்பாலும் மூடியே கிடக்கின்றது. அக்கதவே காற்றை வேண்டுமென்று தடுத்து எஞ்சினை அடக்கி ஓட்டுகின்றது. வீட்டின் உள்வாயிற் கதவை முக்காலும் மூடி வைத்துக்கொண்டு, தெருவாயிற் கதவை அகலமாக இடித்துக் கட்டினால், வீட்டுக்குள் வருவார் தொகை மிகுமோ? திறந்த வடிகட்டியால் அன்றாடப் பயணத்தில் ஆற்றல் பெருகும் என்பதும் இத்தகையதே.

இரண்டாவது கூறப்படும் நன்மை, பெட்ரோல் மிச்சமாகும் என்பது. இதனை ஆராய்ந்து பார்த்தோரும் உளர். அமெரிக்க நாட்டின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், அடைபட்ட வடிகட்டியையும் புதிய வடிகட்டியையும் மாற்றி மாற்றி வைத்து வண்டிகளைச் சோதித்தனர். கம்ப்யூட்டர் ஆளும் எரிபொருள் ஊசியமைப்புக் கொண்ட புதிய காலத்து வண்டிகளில், வடிகட்டி அடைபட்டிருந்தும் பெட்ரோல் செலவு கூடவில்லை. வேகம் பிடிப்பதில் மட்டும் வேறுபாடு காணப்பட்டது. புதிய வடிகட்டி வைத்தபோது அது நூற்றுக்கு 6 முதல் 11 வரை திருந்தியது. கார்புரேட்டர் உடைய பழைய காலத்து வண்டியில் மட்டுமே, சாதாரண அடைப்பை நீக்கியதனால் பெட்ரோல் செலவு நூற்றுக்கு 2 முதல் 6 வரை குறைந்தது. காரணம் வெளிப்படை. புதிய வண்டியில் எவ்வளவு காற்று வந்ததென்று அளந்தறிந்து, அதற்கேற்றவாறே பெட்ரோல் தெளிக்கப்படுகின்றது. புகைக்குழாயில் உள்ள உணர்கருவியும் கலவை சரியாக உளதா என்று இடைவிடாது பார்த்துத் திருத்துகின்றது. 1983-ஆம் ஆண்டு வெளிவந்தபோது மாருதி 800 வண்டிக்கு இவ்வமைப்பு இல்லை; கார்புரேட்டரே இருந்தது. அக்காலத்து வண்டிக்குப் பொருந்திய அறிவுரையை இக்காலத்து வண்டிக்கும் கூறி விற்பது முறையன்று. அன்றியும், அழுக்கேறி அடைபட்ட வடிகட்டியே பெட்ரோல் செலவை மாற்றவில்லையெனின், தூய தாளை நீக்கி விலையுயர்ந்த வலையை வைப்பதனால் மட்டும் அது மாறுதல் எங்ஙனம்?

"அப்படியாயின், மாற்றியவர் எல்லாரும் வண்டியின் இழுவை கூடியது என்று சொல்லுகின்றனரே, அவர் பொய்யரோ?" என்று கேட்கலாம். அவர் பொய்யர் அல்லர். தம் செவியினால் ஏமாற்றப்பட்டவர். எஞ்சின் காற்றை இழுக்கும்போது பேரொலி எழும். அவ்வொலியை அடக்குவதற்கென்றே கம்பெனியார் காற்றுப்பெட்டியோடு பக்கத்தில் ஒரு வெற்றறையை இணைத்து வைக்கின்றனர். குறித்த அளவுள்ள வாயும் வயிறும் உடைய வெற்றறை, குறித்த ஒலியோடு மட்டும் ஒத்து அதிரும் என்பதைச் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் விளக்கிக் காட்டினார். குடத்தின் வாயில் ஊதுவார் கேட்கும் ஒலி அதுவே. அவ்விதியைக் கொண்டே இவ்வறை எஞ்சினின் இரைச்சலை விழுங்குகின்றது. பெட்டியைக் கழற்றியெறிந்ததும் இரைச்சல் வெளிப்படுகின்றது. முன்பு மெல்லென ஓடிய வண்டி இப்போது உறுமுகின்றது. உறுமலைக் கேட்ட இளைஞர், வேகம் கூடிற்று எனத் துணிகின்றார். அத்துணிவினால் மிதியையும் சற்று அழுத்தி மிதிக்கின்றார். வண்டியும் முன்னினும் விரைகின்றது. நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழி அறியாதார் நம்மில் யார்? எனினும் எஞ்சினிடத்தில் மட்டும் தளும்பும் குடத்தையே நிறைகுடம் என்று கொள்ளுகின்றோம்.

திறந்த கூம்பு வடிகட்டியால் ஆற்றல் குறைவதும் உண்டு என்று கூறின் சிலர் வியப்பர். காற்று வெப்பமுற்றால் விரிந்து மெலிதாகும். 30 பாகை வெப்பமுள்ள காற்று 60 பாகையை அடையும்போது, அதன் அடர்த்தி நூற்றுக்கு 9 பங்கு குறைகின்றது. கம்பெனியார் வைத்த குழாயின் வாய், வண்டியின் முகப்பை அடுத்து வெளிக்காற்றை வாங்குமாறு அமைந்துள்ளது. கூம்பு வடிகட்டியோ, மூடியின் கீழே கொதிக்கும் எஞ்சினின் அருகிலேயே இருந்து அவ்வனற்காற்றையே இழுக்கின்றது. சித்திரை மாத நண்பகலில் திருநெல்வேலிச் சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இதனால் வருவது இழப்பேயன்றி ஊதியம் அன்று. தாளின் தடையை நீக்கி ஒரு பங்கு பெற்றவர், வெப்பத்தினாற் பல பங்கு இழக்கின்றார்.

இதனை அறிந்து, குளிர்ந்த காற்றைப் பெறுவதற்காக நீண்ட குழாயைக் கீழே சக்கரத்தின் பக்கம் வரை இறக்கி, அதன் முனையில் வடிகட்டி வைப்பாரும் உளர். அதன் இடர் மழைக்காலத்தில் விளங்கும். நீர், காற்றைப் போல அழுத்தத்திற்கு இடங்கொடுத்துச் சுருங்குவது அன்று. ஒரு வாய் நீர் சிலிண்டருக்குள் புகுந்தாலும், மேலெழும் பிஸ்டன் அதனை நெருக்க மாட்டாமல் தடைப்பட, பிஸ்டனைத் தாங்கும் இருப்புத்தண்டு வளைந்துவிடும். அத்துடன் எஞ்சினின் கதை முடியும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் எம் மாவட்டங்களிற் பெய்த மழையை யாரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணியின் கரையூர்களில் தெருக்களே ஆறுகளாயின. அத்தகைய நாட்டில், காற்று வாங்கும் வாயை உயர்ந்த இடத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தல் அறிவுடைமை ஆகுமோ என்பதை நண்பர்களே எண்ணிப் பார்க்க.

நிற்க. இவை யாவற்றினும் பெரியது தூசியைப் பற்றிய கணக்கு. காற்று வடிகட்டிகளைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் உலகப் பொதுமுறை ஒன்று உண்டு. அளந்தெடுத்த தூசியை வடிகட்டியின்மேற் செலுத்தி, எவ்வளவு தங்கிற்று, எவ்வளவு கடந்து சென்றது என்று நிறுத்துப் பார்ப்பது அம்முறை. இதன் விடையைப் படிக்கும்போது ஒரு மயக்கம் நேரும். ஒரு வடிகட்டி நூற்றுக்கு 99 பங்கு தடுக்கின்றது. மற்றொன்று 97 பங்கு தடுக்கின்றது என வைத்துக்கொள்வோம். வேறுபாடு இரண்டு பங்குதானே என்று தோன்றும். எஞ்சினின் பக்கத்திலிருந்து பார்த்தால் அஃது அங்ஙனம் அன்று. முதல் வடிகட்டியின் வழியே ஒரு பங்கு தூசி உட்செல்கின்றது. இரண்டாவதன் வழியே மூன்று பங்கு செல்கின்றது. எஞ்சின் உண்ணும் தூசி மும்மடங்கு ஆகின்றது. தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தது போன்றதன்று இது. வேலியில் ஓர் ஓட்டைக்கு மூன்று ஓட்டை விழுந்தது போன்றது.

எம் ஊர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட தேரியை அடுத்துள்ளது. ஆடிக் காற்றில் அங்கே செம்மணல் பறந்து வீட்டுக்குள் சோற்றுப்பானை வரை வரும். எம் சிற்றப்பா அங்கே சிறு கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகின்றார். நகரத்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லைக் கேட்டு, பெட்டியை நீக்கிக் கூம்பு வடிகட்டி ஒன்றை மாட்டினார். ஈராண்டு கழியுமுன் வண்டி எண்ணெயைக் குடிக்கத் தொடங்கிற்று. பின்புறத்தில் நீலப்புகை கண்டது. ஊர் மெக்கானிக் வடிகட்டிக்குப் பின்னுள்ள குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடைத்துக் காட்டினார், துணி சிவந்தது. எஞ்சினைப் பிரித்தபோது சிலிண்டரின் சுவரெங்கும் கீறல். அப்பழுதுக்கு வேறு காரணமும் உடனிருந்திருக்கலாம்; ஆயினும் வடிகட்டியைத் தாண்டிய இடத்தில் தேரிமண் வந்தது எவ்வாறு என்னும் கேள்விக்கு இரண்டு விடை இல்லை. மூன்று வாரம் வண்டி ஓடவில்லை. செப்பனிட்ட செலவு அவருடைய இரண்டு மாத வருவாயை விழுங்கிற்று. அவ்வாண்டு என் தங்கைமுறையாகும் அவர் மகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டக் கடன் வாங்க நேர்ந்தது. குதிரைத்திறன் ஒன்று கூடிற்றோ இல்லையோ யாம் அறியோம். கடன் கூடியதை அறிவோம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று யான் கூறவில்லை. பந்தயத்திற்கு ஓடும் வண்டியின் நிலை வேறு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும், கோவையை அடுத்த கரி தடத்திலும் ஓடும் வண்டிக்கு மிதி பெரும்பாலும் முழுதும் அழுந்தியே இருக்கும். நூற்றில் ஒரு பங்கு ஆற்றலும் வெற்றி தோல்வியை உறுதிப்படுத்தும். அவ்வெஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்த்துத் தேய்ந்த உறுப்பை மாற்றுவதற்கு ஆளும் பொருளும் உண்டு. அவர்க்குத் திறந்த வடிகட்டி தகுவதே. எஞ்சினின் பிற உறுப்புக்களையும் மாற்றி, அதன் கம்ப்யூட்டரையும் அதற்கேற்பத் திருத்தியவர்க்கும் பெரிய காற்றுவழி பயன்படலாம். பதினைந்து ஆண்டு ஓட வேண்டிய குடும்ப வண்டிக்கு அவ்வழக்கு பொருந்தாது.

மற்றொரு வாதம், பருத்தி வடிகட்டியைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். ஆதலாற் செலவும் குப்பையும் குறையும் என்பது. இது மதிக்கத்தக்க வாதமே. ஆனால் கழுவுதல் எளிய தொழில் அன்று. அதற்கென விற்கும் நீர்மத்தால் அழுக்கை நீக்கி, நிழலில் நன்றாக உலர்த்தி, பின் அளவாக எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி நில்லாது. மிகுந்தாலோ, காற்றை அளக்கும் நுண்கம்பி உணர்கருவி உடைய வண்டிகளில், அவ்வெண்ணெய் கம்பியிற் படிந்து அளவைக் கெடுக்கும். நிழலில் ஒரு நாள் உலர்வதற்குள் வாடகை வண்டிக்காரர் அவசரப்பட்டு மாட்டிவிடுவார் என்பதும் உலக அனுபவம். பொறுமையும் கைத்திறமும் உடையவர் பெட்டிக்குள் வைக்கும் பருத்தி வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பாராயின் அவரை யான் தடுக்கேன். ஆனால் அவர் அதனைச் சிக்கனத்திற்காக வாங்குக, ஆற்றலுக்காக வாங்கற்க. சில நூறு ரூபாய்த் தாளை எத்தனை முறை மாற்றினால் அவ்விலை ஈடாகும் என்பதையும் முன்னரே கணக்கிட்டுக்கொள்க.

ஆகவே, வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பார் கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூறுவேன். முதலாவது, அது தன் பெட்டியிற் சிறிதும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றதா? எத்துணை உயர்ந்த பொருளாற் செய்திருப்பினும், விளிம்பில் உள்ள ரப்பர் சரியாக அமராவிடின், காற்று எளிய வழியையே நாடி அவ்விடைவெளியிற் புகும். தூசியும் உடன் புகும். இரண்டாவது, அது நூற்றுக்கு எவ்வளவு தூசியைத் தடுக்கின்றது என்பதை ஐ.எஸ்.ஓ. 5011 முறைப்படி சோதித்துச் செய்தவர் எழுத்தில் தருகின்றாரா? "நுண்தூசியையும் தடுக்கும்" என்னும் பொதுச்சொல் சான்று ஆகாது, எண் வேண்டும். மூன்றாவது, அடைபடுவதற்கு முன் எவ்வளவு தூசியைத் தாங்கும்? மடிப்புக்கள் நெருக்கமாகவும் ஆழமாகவும் இருப்பின் தாங்கும் அளவு மிகும். போலிச் சரக்கு விற்போர் குறைப்பது பெரும்பாலும் இம்மடிப்புக்களையே. நான்காவது, அதனைப் பேணும் முறையை நாம் உண்மையாகவே கைக்கொள்ளுவோமா? ஐந்தாவதாகவே, அது காற்றை எவ்வளவு தடுக்கின்றது என்று கேட்க வேண்டும். விளம்பரக்காரர் இவ்வைந்தாவதை முதலாவதாக்கி, முதல் நான்கையும் வாய் திறவாது விட்டுவிடுகின்றனர். நம் மயக்கம் அனைத்திற்கும் காரணம் வரிசை மாறிய இதுவே.

இவ்வரிசைப்படி பார்த்தால், நம் நாட்டுச் சாலையில் ஓடும் சிறு காருக்குக் கம்பெனியார் குறித்த அளவுள்ள நல்ல தாள் வடிகட்டியே பெரும்பாலும் முதலிடம் பெறும். அதனைக் கம்பெனிக் கடையிலேயே வாங்க வேண்டும் என்பதில்லை. அதே அளவிற் செய்யும் பெயர்பெற்ற பிற செய்வோரின் பொருளும் நன்றே. வண்டியோடு வந்த கையேட்டிற் குறித்த காலத்தில் அதனை மாற்றுக. புழுதி மிக்க இடத்தில் ஓட்டுவார்க்கு அக்கையேடே முன்கூட்டி மாற்றுமாறு சொல்லுகின்றது; ஆயினும் அப்பக்கத்தைப் புரட்டுவார் அரியர். எவ்வகை வடிகட்டி வைத்திருப்பினும், சர்வீஸின்போது அதற்குப் பின்னுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்க்க. துணி வெளுத்திருந்தால் காவல் நன்று. நிறம் மாறினால் காவல் பொய்த்தது. ஐயாயிரம் ரூபாய் விளம்பரத்தினும் ஒரு முழத் துணி உண்மை பேசும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச்சான்றில் உள்ள விவரம் செய்தவர் முதலிற் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றுதல் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் அதனை வலியுறுத்தியது. பெட்டிக்குள் தாளை மாற்றுவது அதன்பாற் படாது. பெட்டியையே நீக்கிக் காற்றுவழியை மாற்ற எண்ணுவாரோ, பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டாரிடத்தும் முன்னரே கேட்டறிதல் நன்று. செய்தவர் தரும் உத்தரவாதமும், மாற்றிய உறுப்பினால் விளைந்த பழுதுக்கு மறுக்கப்படலாம்.

நண்பர்காள்! நம் வயதில் ஓசையின்மேல் விருப்பம் எழுதல் இயல்பு. தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசையை யானும் அறியாதவன் அல்லேன். ஆனால் அவ்வாசைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் நாம் அல்லேம். தவணை கட்டும் தந்தையாரும், அவ்வண்டியின் வருவாயை நம்பியிருக்கும் வீட்டாருமே. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் வீட்டு வண்டியின் மூடியைத் திறந்து, கறுப்புப் பெட்டியின் நான்கு கொக்கிகளையும் கழற்றி, உள்ளிருக்கும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது கறுத்திருந்தால், கடைத்தெருவில் அதே அளவுள்ள நல்ல தாள் ஒன்று வாங்கி நும் கையாலேயே மாற்றிவிடுங்கள். கால் மணி நேரத்து வேலை அது. வண்டி உறுமாது, தெருவார் திரும்பிப் பாரார். எனினும் அவ்வெஞ்சின் இன்னும் பல ஆண்டு நும் வீட்டாருக்கு உழைக்கும்.